எப்படிச் சரியாயிற்று என்று கேட்டீர்களே

உட்காருங்கள் சார். அந்த பெஞ்சில் வேண்டாம், நடுவில் தொய்ந்து போனது, எழுந்திருக்கும்போது உயிர் போய்விடும். இந்த மர நாற்காலிக்கு வாருங்கள். முதுகு நேராக நிற்கும். ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், குனிந்து குனிந்து அதையே பார்ப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம். பார்த்து நமக்கு என்ன தெரியப்போகிறது? அவர்கள் சொன்னால்தான் எது எலும்பு, எது ஜவ்வு என்றே தெரிகிறது.

நான் நோயாளி இல்லை சார். கூட வந்தவன். உள்ளே டிராக்‌ஷனில் வைரக்கண்ணு என்று ஒருவன் படுத்திருக்கிறான், அவனை அழைத்துவந்தேன். இப்போதுதான் மாட்டினார்கள், அரைமணி ஆகும். உங்களுக்கும் அதுதான் எழுதியிருக்கிறார்கள் என்றால் பயப்பட வேண்டாம். நெஞ்சில் ஒரு பட்டி, இடுப்பில் ஒரு பட்டி. மெஷின் மெதுவாக இழுக்கும், விடும். அவ்வளவுதான். எனக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டார்கள். நீங்கள் சொல்கிற அதே இடம். நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தி, இடது கால் பெருவிரல் வரைக்கும் கரண்ட் இறங்குகிற மாதிரி வலி. இருமினால் வலி. தும்மினால் வலி. செருப்பு வாரை மாட்ட வேண்டுமென்றால் வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டும்.

இப்போது இல்லை. பாருங்கள், குனிகிறேன். தரையைத் தொடுகிறேன். வயது ஐம்பத்து நான்கு.

எப்படிச் சரியாயிற்று என்று கேட்டீர்களே. எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் யாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டாலும், உரக்கடை அம்பலவாணனைப் போய்ப் பார் என்று என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். நானும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் பரணில் போடுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. எழுந்திருக்கும்போது அப்படியே நிமிராமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுந்திருங்கள். வெந்நீர் ஒத்தடம், சாயங்காலம் அரைமணி நடை. எண்ணெய் போட்டு எவனையும் முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள். பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள். இதெல்லாம் பொய் இல்லை சார். செய்யுங்கள். எல்லாம் எனக்கு உதவியது.

ஆனால் எனக்குச் சரியானது இதனால் மட்டும் இல்லை. மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று காலையில் பஸ்ஸில் ஒருவனிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம்? பெரம்பலூரா. எங்கள் ஊருக்கு வந்ததே இல்லையே? நல்லது.

எங்கள் ஊர் சிவன் கோயிலில் நான் சாமி தூக்குகிறவன். சீர்பாதம் என்று சொல்வோம். சம்பளத்துக்கு இல்லை. ஆளுக்கு ஒரு பிழைப்பு இருக்கிறது, வைகாசித் திருவிழாப் பத்து நாளும் கையில் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நிற்போம். முப்பத்திரண்டு இடம். இடம் என்றால் வெறும் பேச்சுக்கு இல்லை, அடி வைத்து நிற்கிற இடம். வாகனத்துக்கு அடியில் இரண்டு நீள மரம் ஓடும். வாரை என்று பெயர். ஒரு வாரைக்கு முன்னால் எட்டுப் பேர், பின்னால் எட்டுப் பேர். தோளில் துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் வாரையை வாங்கிக்கொள்வோம். உயரம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். ஏன் என்று தெரிகிறதா? ஒருவன் கொஞ்சம் உயரமாக இருந்தால் பாரம் முழுக்க அவன் தோளில் போய் உட்காரும். கொஞ்சம் குட்டையாக இருந்தால் வாரை அவனைத் தொடவே தொடாது, சும்மா கையைக் கொடுத்துக்கொண்டு நடந்து வருவான். அதனால் அடுத்தடுத்து நிற்கிறவர்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும்.

இடது வாரையில் முன்பக்கம் ஐந்தாவது இடம் என்னுடையது. எனக்கு முன்னால் என் அப்பா நின்ற இடம். எனக்குப் பின்னால் ஆறாவது இடம் வைரக்கண்ணு. அவன் டைல்ஸ் ஒட்டுகிற வேலை. என்னைவிட ஏழு வயது சின்னவன், ஆனால் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில்தான் வாரைக்கு வந்தோம். எங்கள் குழுவுக்குப் பெரியவர் குஞ்சிதபாதம். அவர்தான் அன்றைக்குச் சுவர் ஓரமாக எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி, தோளில் ஒரு பலகையை வைத்துப் பார்த்து, "அச்சு வார்த்த மாதிரி இருக்குடா" என்றார். இருபத்து நாலு வருஷம் அவன் மூச்சு என் பிடரியில் படும். நான் வலது காலை எடுத்தால் அவன் வலது காலை எடுப்பான்.

இதில் ஒரு கட்டு உண்டு சார். காப்புக் கட்டுகிற அன்று வந்து நிற்காவிட்டால் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். காய்ச்சல், கால் உடைந்தது, எதுவும் செல்லாது. பிறகு அடுத்த வருஷம் வந்து, சரியாகிவிட்டது என் இடத்தைக் கொடு என்று கேட்க முடியாது. கேட்டவர்களும் இல்லை.

எனக்கு வலி வந்தது ஒரு மாசி மாதம். கடையில் யூரியா மூட்டையை நகர்த்தப் போய் அப்படியே நின்றுவிட்டேன். நாலு பேர் பிடித்துக் கொண்டுபோனார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார். நான் வைகாசியை நினைத்தேன். மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதத்தில் சரியாகிவிடுமா என்று கேட்டேன். என்ன அவசரம் என்றார். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒரே பெண். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. என் இடத்தில் எனக்குப் பிறகு நிற்க ஆள் இல்லை. எப்படியும் ஒரு நாள் வேறு வீட்டுக்குப் போகிற இடம்தான் அது. அதை யாருக்காகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்? வீட்டுக்காரி கேட்டாள். நீங்கள் தூக்காவிட்டால் சாமி வீதிக்கு வராதா என்று கேட்டாள். அவளிடம் கோபப்பட்டேன். கோபப்பட்டால் காரணம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

எங்கள் ஊரிலேயே ஒரு பிசியோ கிளினிக். அந்தப் பெண் நல்ல பெண், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. அதில் ஒரு பயிற்சி. சுவரில் முதுகை ஒட்டவைத்து, பாதத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, முழங்காலை லேசாக மடக்கி அப்படியே நிற்க வேண்டும். முதலில் பத்து எண்ணும்வரை. பிறகு முப்பது. தொடை பலமாக இருந்தால் இடுப்புக்குப் பாரம் குறையும் என்று சொன்னது. நான் வெறி பிடித்தவன் மாதிரி செய்தேன். சித்திரை முடிவதற்குள் ஐந்து நிமிஷம் நிற்கிறேன். உடம்பு நடுங்காது. வெளியிலிருந்து பார்த்தால் முழங்கால் மடங்கியிருப்பதே தெரியாது. அந்தப் பெண்ணே ஆச்சரியப்பட்டது.

வைகாசியில் வேட்டிக்கு அடியில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். முதல் இரண்டு நாள் சின்ன வாகனங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். நிஜமாகத் தூக்கினேன் சார், அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாள் தெற்கு வீதி மூலையில் திரும்பும்போது, இடது வாரை உள்பக்கமாக வரும், பாரம் எங்கள் பக்கம் சாயும். அப்போது இடுப்பில் கத்தி மாதிரி ஒன்று இறங்கியது. கீழே விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். விழக் கூடாது என்று முழங்காலை மடக்கினேன். ஒரு சுண்டுவிரல் கனம். அவ்வளவுதான்.

வாரை என் தோளை விட்டுப் போய்விட்டது.

அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன் உங்களுக்கு? மூன்று மாதமாக வலியோடு படுத்து, வலியோடு எழுந்தவன். திடீரென்று இல்லை. துண்டின் மேல் வாரை சும்மா தொட்டுக்கொண்டு வருகிறது. என் கை அதைப் பிடித்திருக்கிறது. என் முகம் வேர்க்கிறது. நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். நான் அப்படியே, சுவரில் நிற்கிற மாதிரி, முழங்காலை மடக்கியபடியே மூலையைத் தாண்டி, மேல வீதியும் வடக்கு வீதியும் நடந்து வந்துவிட்டேன். குஞ்சிதபாதம் பக்கத்தில் வந்து என் வேர்வையைப் பார்த்துவிட்டு, "அப்பனை மாதிரியே தூக்குறடா" என்றார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பின்னால் திரும்பி, வைரம், எனக்கு இடுப்பு சரியில்லைடா என்று சொல்லியிருக்கலாம். எத்தனை சொல் அது? நாலு சொல்.

பாரம் எங்கே போயிற்று என்று யோசிக்காமல் இல்லை. பதினாறு பேர் இருக்கிறார்கள், ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்துபோகும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிப் போகாது சார். வாரை வளையாத மரம். ஒருவன் இறங்கினால் அடுத்தவன் தோளில்தான் ஏறும். எனக்கு முன்னால் நாலாவது இடத்தில் நிற்பவர் என்னைவிட ஒரு விரல் குட்டை, அவர் மேல் ஏறாது. பின்னால் நிற்பவன் என் உயரம்.

ஐந்தாம் நாள் ரிஷப வாகனம். அதுதான் இருப்பதிலேயே கனம். கீழ வீதியில் ஒரு மண்டகப்படிக்காக நிறுத்தி, ஊன்றுகோல் கொடுத்து, எல்லோரும் தோளை மாற்றித் தேய்த்துக்கொண்டு நிற்கிறோம். வைரக்கண்ணு என் பக்கத்தில் வந்தான். தோள் சிவந்து தடித்திருந்தது. மோரை வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"ரிஷபம் என்னண்ணே இந்த வருஷம் இப்படிக் கனக்குது?"

"புதுசா வெள்ளித் தகடு அடிச்சிருக்காங்கல்ல. கனக்கத்தான் செய்யும்."

அவன் என்னைப் பார்த்தான். ஓ, அப்படியா என்றான். மோர் டம்ளரைக் கொடுத்துவிட்டு இடத்துக்குப் போய்விட்டான். பாவம், நம்பிவிட்டான் என்று நினைத்தேன். தகடு அடித்தது உண்மைதான் சார். கொம்புக்கு மட்டும் அடித்தார்கள். இரண்டு கொம்பு.

அந்த வருஷம் முடிந்தது. உடம்பு தேறிக்கொண்டே வந்தது. ஒத்தடம், நடை, பயிற்சி. பாரம் தூக்காமல் பாரம் தூக்கியவன் என்ற பெயரும் கிடைத்தது. பொங்கலுக்குள் வலி முழுக்கப் போய்விட்டது. டாக்டர், நீங்கள் ரொம்பக் கட்டுப்பாடான ஆள் என்றார்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்குக் கூசுகிறது. இதுவரை சொன்னதை யாராவது மன்னிக்கலாம். வலியில் செய்தேன் என்று சொல்லலாம். அடுத்த வைகாசியில் எனக்கு வலி இல்லை. பெல்ட்டும் இல்லை. முதல் நாள் வாரையை வாங்கினேன், தோளில் உட்கார்ந்தது, ஒன்றும் செய்யவில்லை. நாலு அடி நடந்தேன். திரும்ப வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். அந்தப் பயம் போதுமாக இருந்தது. முழங்கால் தானாக மடங்கிக்கொண்டது. பழகிப்போயிருந்தது அதற்கு. எட்டு நாள், எட்டு நாளும் அப்படியே வந்தேன். வைரக்கண்ணு அந்த வருஷம் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் என் பிடரியில் சத்தமாகப் பட்டது.

எட்டாம் நாள் குதிரை வாகனம். சன்னிதிக்குத் திரும்பி வந்து இறக்குகிறோம். எல்லோரும் வாரையை விட்டு விலகினார்கள். வைரக்கண்ணு விலகவில்லை. வாரையைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான்தான் குனிந்து பிடித்தேன். என்னால் குனிய முடிந்தது, பாருங்கள். அவன் முகம் வெள்ளையாக இருந்தது.

"கால் இருக்கான்னு பாருங்கண்ணே" என்றான்.

இருந்தது. ஆனால் மரத்துப்போயிருந்தது. மறுநாள் நானும் அவன் மனைவி மங்கையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எப்படி ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். அவன் என் பக்கம் பார்க்கவில்லை. டைல்ஸ் பெட்டி தூக்கியபோது பிடித்தது என்று சொன்னான். சாமி தூக்கியதைச் சொல்லவே இல்லை. வெகுளி, அதனால்தான் என்றே அவனுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். எனக்கு அப்பாடா என்று இருந்தது சார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, இந்த மாதிரி ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

குந்தி உட்கார முடியாதவன் எப்படி டைல்ஸ் ஒட்டுவான்? வேலை போயிற்று. மங்கை ஒரு ஸ்வீட் கடையில் நின்று பொட்டலம் கட்டுகிறாள், நாள் முழுக்க நின்றபடி. இந்த வருஷம் காப்புக் கட்டுக்கு அவன் வரவில்லை. ஆறாவது இடம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. எது எனக்கு நடந்துவிடும் என்று பயந்தேனோ அது அவனுக்கு நடந்தது. அங்கே இப்போது நிற்பவன் நல்ல திடமான ஆள். நானும் இந்த வருஷம் முழுசாகத் தூக்குகிறேன். முழங்காலை மடக்குவதே இல்லை. யாருக்கு வேண்டும் அது இனி?

செவ்வாயும் வெள்ளியும் அவனை இங்கே அழைத்துவருகிறேன். ஒரு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. கூடப்பிறந்தவன் செய்வானா என்று ஊரில் கேட்கிறார்கள். கடை முதலாளி அந்த இரண்டு நாளும் பாதி நாள் விட்டுவிடுகிறார், நல்ல காரியத்துக்குத்தானே என்று. மங்கை ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கும் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுக்கிறாள். நீங்க இல்லன்னா இவரை யாருண்ணே பாத்துப்பாங்க என்கிறாள். என் பங்கில் வேர்க்கடலையைக் கொஞ்சம் கூடப் போட்டிருப்பாள். இந்தப் பையில் இருக்கிறது பாருங்கள். நான் சாப்பிடுவேன். அதுதான் சார், சாப்பிட்டுவிடுவேன்.

போன மாதம் குழுக் கூட்டம். இருபத்தைந்து வருஷம் தூக்கியவருக்கு, பத்தாம் நாள் தீர்த்தவாரி முடிந்ததும் கொடிமரத்தடியில் பரிவட்டம் கட்டுவார்கள். சாமிக்குச் சாத்திய பட்டைத் தலையில் கட்டி, மாலை போட்டு, மேளத்தோடு வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை, இருபத்தி மூன்றாவது வருஷத்தில் போய்விட்டார். இந்த வருஷம் எனக்கும் வைரக்கண்ணுக்கும் சேர்ந்தே இருபத்தைந்து. யாருக்கு என்று பேச்சு வந்தது. வைரக்கண்ணு வாசற்படியில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான், உட்கார முடியாதே. அண்ணனுக்கே கட்டுங்கள், நான் இந்த வருஷம் தூக்க முடியாதே என்று அவன்தான் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் சும்மா இருந்தேன்.

நாளை மறுநாள் பத்தாம் நாள்.

கூட்டம் நடந்த அன்றிலிருந்து தூக்கம் இல்லை. உடம்பில் ஒரு வலியும் இல்லை, தூக்கம் மட்டும் இல்லை. இன்று காலையில் பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவனுக்கு உட்கார்ந்தால் கால் மரத்துவிடும், நின்றுகொண்டுதான் வருவான். அவன் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது என்று நானும் நிற்பேன். சீட்டெல்லாம் காலியாகக் கிடக்கு, ரெண்டு பேருக்கும் என்ன வேண்டுதலா என்று கண்டக்டர் கேட்டார். வைரக்கண்ணு சிரித்தான். அவர் போன பிறகு சொன்னேன்.

"வைரம், அந்த ரெண்டு வருஷமும் நான் தூக்கலடா."

அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிறுத்தம் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் கிளம்பியது.

"தெரியும்ணே" என்றான்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்தது. உங்களுக்குப் பின்னால்தானே நின்றேன், உங்கள் கால் எனக்குத் தெரியாதா என்றான். எப்போதிலிருந்து என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை, நாள் கணக்கு தெரிந்து என்ன ஆகப்போகிறது. அவன் சொன்னான்.

"ரிஷபத்தன்னைக்கு. கனக்குதுன்னு கேட்டேன்ல? கனம் எங்கேருந்து வருதுன்னு தெரியாமயா கேட்டேன்? நீங்களா சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா, சரிண்ணே பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேருமா ஏதாவது பண்ணியிருப்போம்."

குஞ்சிதபாதத்திடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் உங்கள் இடம் போயிருக்குமே என்றான். நீயும் கொஞ்சம் இறங்கியிருக்கலாமே என்றேன். ஆமாம் சார், அப்படியும் கேட்டேன், அவன் மேலேயே குறை சொல்கிற மாதிரி. அவன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். நானும் இறங்கினால் வாகனம் சாய்ந்துவிடும், வேறு என்ன செய்வது என்றான். கோபமே இல்லை. விலை விசாரித்தவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னான்.

நான் அழுதுவிட்டேன். கம்பியைப் பிடித்திருந்த அவன் கையின் மேல் என் கையை வைத்தேன். அவன் கையை எடுத்து வேறு இடத்தில் பிடித்துக்கொண்டான். பஸ் அப்போது வளைவில் திரும்பியது, அதனால்கூட இருக்கலாம்.

"இப்ப எதுக்குண்ணே சொல்றீங்க?"

"மனசு தாங்கலடா."

"அப்ப அதையும் நானே தூக்கணுமா?"

நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவனே மறுபடி சொன்னான். இந்தத் தடவையும் கோபம் இல்லை. ரொம்ப அலுப்பாக இருந்தது குரல்.

"சொல்றதுன்னா பரிவட்டம் கட்டுற எடத்துல, எல்லாரும் இருக்கச்ச சொல்லுங்க. இல்லன்னா பேசாம கட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க. எங்கிட்ட சொல்லாதீங்க."

பஸ் நின்றது. படி உயரம். அவன் இறங்க வேண்டும். எப்போதும் போல என் தோளைப் பிடித்து இறங்கினான். வேறு தோள் அங்கே இல்லை. அதன் பிறகு இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள், போனான்.

சொல்ல வேண்டும் சார். சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்து எப்படிச் சரியாயிற்று என்று கேட்டீர்கள். ஆனால் ஒன்று பாருங்கள். கொடிமரத்தடியில் நின்று நான் சொன்னால், குஞ்சிதபாதம் வயதானவர், அவருக்கு என்ன ஆகும்? ஊர் முழுக்க நிற்கும். என் பெயரை எடுத்துவிடுவார்கள், அது போகட்டும், எனக்குப் பிறகு யாரும் இல்லை. ஆனால் அடுத்த கேள்வி வைரக்கண்ணுவைக் கேட்பார்கள். தெரிந்தும் ஏன் மறைத்தாய் என்பார்கள். அவனுக்கும் அது குற்றம்தானே. இருக்கிற மரியாதையும் போய்விடும் அவனுக்கு. மங்கைக்குத் தெரிந்தால் அந்தப் பெண் எப்படித் தாங்கும்? அப்புறம் செவ்வாயும் வெள்ளியும் இவனை யார் இங்கே அழைத்துவருவார்கள்? என்னோடு அனுப்புவாளா? அவனுக்காகத்தான் சார் இவ்வளவும் யோசிக்கிறேன். நான் என்னைப் பற்றி யோசிக்கவில்லை.

இப்படி யோசித்து யோசித்துத்தான் அன்றைக்கும் சொல்லாமல் விட்டேன். அதுவும் தெரிகிறது. தெரியாமல் இல்லை.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். முகம் தெரியாத ஆள், இவ்வளவு நேரம் வலியோடு உட்கார்ந்து கேட்டீர்களே, அது போதும். காலையிலிருந்து நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருந்தது. உங்களிடம் சொன்னதும் பாதி இறங்கிவிட்டது. நிஜமாகவே லேசாக இருக்கிறது.

கூப்பிடுகிறார்கள் பாருங்கள். வைரக்கண்ணு கூட வந்தது யார் என்று கேட்கிறார்கள். நான்தான் சிஸ்டர். இதோ வந்துவிட்டேன், அவனைத் தனியாக எழுப்பாதீர்கள்.

வருகிறேன் சார். சாயங்காலத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும், இன்றைக்குக் குதிரை வாகனம். நாளைக்குத் தேர். நாளை மறுநாள் அது. நீங்கள் என்னைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இரண்டு நிமிஷ வேலைதான். குருக்கள் பட்டைக் கொண்டுவந்து கட்டும்போது தலையைக் குனிந்துதான் நிற்க வேண்டும், அதுதான் முறை. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.